மலையகத்து அடுப்படியும் யூடியூப் வருமானமும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

யூடியூப் யாருக்கும் சம்பளம் கொடுப்பதில்லை. இதை முதலில் மனதில் போட்டுக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். நீங்கள் போடும் சமையல் வீடியோவுக்கு முன்னாலும் நடுவிலும் விளம்பரம் ஓடுகிறது. அந்த விளம்பரத்துக்காக ஒரு சோப்புக் கம்பனியோ வங்கியோ கூகுளுக்குப் பணம் கட்டுகிறது. அதில் ஒரு பங்கு உங்களுக்கு வருகிறது. நீளமான வீடியோக்களில் ஓடும் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் வீடியோ போட்டவருக்கு, மிச்சம் யூடியூபுக்கு. ஷார்ட்ஸ் என்கிற குறும் வீடியோக்களில் கணக்கு வேறு. அங்கே விளம்பரக் காசை ஒன்றாகச் சேர்த்து, பார்வைகளுக்கு ஏற்பப் பிரித்து, உங்களுக்கு ஒதுங்கியதில் 45 சதவீதம் தருகிறார்கள்.

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பதுளையிலும் இப்போது நிறையப் பேர் போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போகிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "ஆயிரம் பேர் பார்த்தால் எவ்வளவு கிடைக்கும்?" இதற்கு ஒற்றை எண்ணாகப் பதில் சொல்ல முடியாது. ஆனால் அந்த எண் எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்பதைச் சொல்ல முடியும். மலையகத்தில் இருந்து சமைப்பவருக்கு இதில் ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அதற்குப் பிறகு வருகிறேன்.

வாசலைத் தாண்டுவது

விளம்பரப் பங்கு வேண்டுமென்றால் யூடியூப் பார்ட்னர் திட்டத்தில் சேரவேண்டும். இலங்கையில் இருப்பவர்களும் சேரலாம். 1,000 சப்ஸ்கிரைபர்கள் இருக்கவேண்டும். அதோடு, கடைசி 12 மாதங்களில் உங்கள் வீடியோக்களை மக்கள் மொத்தமாக 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் 90 நாட்களுக்குள் ஷார்ட்ஸ் 1 கோடி தடவை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். ஷார்ட்ஸ் வரிசையில் ஓடும் நேரம் அந்த 4,000 மணி நேரத்தில் சேராது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ரொட்டி சுடும் முப்பது விநாடி வீடியோவை லட்சம் பேர் பார்த்திருப்பார்கள், மணிக்கணக்கு மட்டும் அசையாமல் நிற்கும்.

4,000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடம். உங்கள் வீடியோவை ஒருவர் சராசரியாக 4 நிமிடம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 60,000 பார்வை வேண்டும். ஒரு வருடத்துக்குப் பிரித்தால் நாளுக்குச் சுமார் 165. அதே ஆள் 2 நிமிடத்தில் எழுந்து போய்விட்டால் 1,20,000 பார்வை தேவைப்படும், வேலை இரண்டு மடங்கு. மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தால் எத்தனை கூடை என்று யாரும் எண்ணுவதில்லை, தராசில் நிறுத்துத்தான் அன்றைய கூலிக்குப் பேர் போடுகிறார்கள். இங்கேயும் அப்படித்தான். பார்த்த தலைகளை எண்ணுவதைவிட, பார்த்த நேரத்துக்குத்தான் நிறை.

அதனால் சமையல் வீடியோ எடுப்பவர் படிக்கவேண்டிய முதல் பாடம், ஆளை உட்கார வைப்பது. பார்க்க வந்தவர்களில் பலர் முதல் அரை நிமிடத்துக்குள் போய்விடுவார்கள். அந்த அரை நிமிடத்தில் "வணக்கம் நண்பர்களே, நம்ம சேனலை சப்ஸ்கிரைப் பண்ணுங்க, பெல் பட்டனை அமுக்குங்க" என்று பேசிக்கொண்டிருந்தால் அவர்கள் ஏன் இருக்கப்போகிறார்கள்? முடிந்த சாப்பாட்டை முதலில் காட்டுங்கள். கட்டச் சம்பலை ரொட்டிக்குள் வைத்துப் பிய்க்கும் ஒரு காட்சி போதும். அப்புறம் நேராக மாவைப் பிசையத் தொடங்குங்கள். வெங்காயம் நறுக்குவதை முழுக்கக் காட்டத் தேவையில்லை. வெங்காயம் எந்த நிறத்துக்கு வதங்கவேண்டும் என்பதை மட்டும் நின்று காட்டுங்கள், ஏனென்றால் சமைக்கத் தெரியாதவர் தடுமாறும் இடம் அதுதான்.

வீடியோ 8 நிமிடமோ அதற்கு மேலோ இருந்தால் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம். இதைக் கேட்டுவிட்டு, 5 நிமிடச் சமையலை 8 நிமிடத்துக்கு இழுக்கிறார்கள். அது வேண்டாம். இழுத்தால் ஆள் போய்விடுவார், நடுவில் வைத்த விளம்பரத்தைப் பார்க்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். ஒரு மரக்கறிக்குப் பதிலாக ரொட்டி, சம்பல், பருப்பு என்று ஒரு முழுச் சாப்பாட்டைச் செய்து காட்டினால் 8 நிமிடம் தானாக வரும்.

யார் பார்க்கிறார், எங்கிருந்து பார்க்கிறார்

இனி அந்த "ஆயிரத்துக்கு எவ்வளவு" கேள்வி. யூடியூப் இதை ஆர்பிஎம் என்று காட்டும். யூடியூப் தன் பங்கை எடுத்த பிறகு, உங்கள் 1,000 பார்வைக்கு உங்கள் கைக்கு வரும் தொகை அது. இந்தத் தொகை சேனலுக்குச் சேனல், மாதத்துக்கு மாதம் மாறும். வருடக் கடைசியில், தீபாவளி, நத்தார் வியாபாரத்துக்காகக் கம்பனிகள் விளம்பரத்துக்கு அதிகம் செலவழிக்கும்போது ஏறும். ஜனவரியில் இறங்கும். இதைவிடப் பெரிய காரணம், பார்ப்பவர் இருக்கும் நாடு. கனடாவில் ஒருவர் பார்த்தால் கனடாவுக்கான விளம்பரம் ஓடும். அங்கே விளம்பரத்துக்குக் கம்பனிகள் கொடுக்கும் விலை இலங்கையிலோ இந்தியாவிலோ கொடுப்பதைவிடப் பல மடங்கு அதிகம். ஒரே வீடியோ, ஒரே அடுப்பு, ஒரே உழைப்பு. ரொறன்ரோவில் இருந்து பார்க்கும் ஒருவர், நுவரெலியாவில் இருந்து பார்க்கும் பலருக்குச் சமமாகிவிடுகிறார்.

சரி, மலையகச் சாப்பாட்டை வெளிநாட்டில் யார் பார்ப்பார்கள்? இங்கேதான் நம் மக்களின் வரலாறு குறுக்கே வருகிறது. இந்திய வம்சாவளித் தோட்ட மக்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப, 1964-இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பின் லட்சக்கணக்கானோர் கப்பலேறி இந்தியா போனார்கள். நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர் பக்கம் போய்ப் பாருங்கள், வீட்டுக்கு வீடு "எங்க அம்மாயி கண்டியில பொறந்தவங்க" என்பார்கள். தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டதே இப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இறங்கிய குடும்பங்கள் இருக்கின்றன. அங்கிருந்து சிலர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனார்கள். வீட்டு வேலைக்கென்று சவூதி, குவைத், கட்டார் போன நம் அக்காமார் எத்தனை பேர். கொழும்பில் கடைகளில் நிற்கும் தம்பிமார் எத்தனை பேர். இவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் விறகடுப்பில் சுட்ட ரொட்டி சாப்பிட்டவர்கள். அவர்களுக்கு அந்த ரொட்டியைச் செய்து காட்ட ஆள் குறைவு.

சென்னைப் பாணி பிரியாணியும் ஹைதராபாத் பிரியாணியும் செய்து காட்ட ஆயிரம் சேனல் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் 2018-இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனலானது. அவர்கள் ஜெயித்தது தங்கள் வயல்வெளியையும் தாத்தாவையும் தங்கள் பேச்சையும் மாற்றாமல் காட்டியதால். அதைப் பார்த்துவிட்டு நாமும் திறந்தவெளியில் அண்டா வைத்து நூறு கோழி சமைத்தால், அவர்களுடைய நகலாகத்தான் இருப்போம். நம்மிடம் இருப்பது வேறு.

மலைநாட்டு அடுப்படிக்கு மட்டும் தெரிந்தவை

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது, 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். அதனால் பருப்பும் கடலையும் வேக நேரமெடுக்கும். கொழும்பிலிருந்து கலியாணமாகி வந்த மருமகள் "இந்த ஊர்ப் பருப்பு வேகவே மாட்டேங்குது" என்று சலித்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான், பருப்பின் மேல் பழி இல்லை. முந்தின இரவே ஊற வைப்பது, குக்கரில் கூடுதல் நேரம் விடுவது என்று நம் வீட்டுப் பெண்கள் இதற்கெல்லாம் வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

தோசை மாவு இன்னொன்று. டிசம்பர், ஜனவரியில் நானுஓயாவில் இரவு வைத்த மாவு விடியும்போது வைத்தபடியே இருக்கும். அடுப்புச் சூடு இருக்கும் பக்கத்தில் வைப்பது, கம்பளியில் சுற்றுவது, வெந்நீரில் அரைப்பது, முதல் நாள் மாவில் கொஞ்சம் கலப்பது என்று அம்மாமாருக்கு ஆளுக்கு ஒரு கைப்பக்குவம் உண்டு. குளிர்காலத்தில் ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் தமிழ்க் குடும்பங்கள் இதே மாவோடுதான் மல்லுக்கட்டுகின்றன. வெயிலில் இருக்கும் சமையல்காரர் அவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. பண்டாரவளையில் இருக்கும் ஓர் அக்கா சொல்லிக்கொடுக்கலாம். "குளிரில் தோசை மாவு புளிக்க வைப்பது எப்படி" என்று ஒரு வீடியோ போட்டால், அது ஒவ்வொரு குளிர்காலத்திலும் திரும்பத் திரும்பத் தேடப்படும். விளம்பர விலை அதிகமுள்ள நாடுகளில் இருந்து தேடப்படும். சமையல் சேனலில் காசு வருவது பெரும்பாலும் இப்படித்தான். ஒரே நாளில் வெடித்துப் பரவும் வீடியோவைவிட, வருடக்கணக்கில் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும் பத்து வீடியோ நம்பகமானவை.

சமைக்க விஷயம் தேடி அலைய வேண்டியதில்லை. தேங்காய்ப்பூ போட்ட தடித்த ரொட்டி, கட்டச் சம்பல், மரவள்ளிக்கிழங்கு அவியல், பலாக்கொட்டைக் கறி, நெத்தலிக் கருவாட்டுக் குழம்பு, லீக்ஸும் பருப்பும், கோவாச் சுண்டல், பீட்ரூட் கறி. தோட்டத்தில் விளைவதும் சந்தையில் மலிவாகக் கிடைப்பதும் மாதத்துக்கு மாதம் மாறும், அதோடு வீடியோவும் மாறட்டும். தேயிலையின் இளங்கொழுந்தில் சம்பல் செய்து காட்டினால் வெளியூர்க்காரர்கள் கண்ணை விரிப்பார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: மருந்தடித்த மலையில் பறித்த கொழுந்து வேண்டாம். வீட்டுப் பக்கம் மருந்து படாமல் நிற்கும் செடியில் எடுங்கள், அதை வீடியோவிலும் சொல்லுங்கள். தலைப்பில் போஞ்சி என்று எழுதினால் பக்கத்திலேயே பீன்ஸ் என்றும் எழுதுங்கள், தமிழ்நாட்டில் தேடுகிறவர் கையிலும் கிடைக்கும்.

பேச்சை மாற்ற வேண்டாம் என்பது என் வேண்டுகோள். கமராவைப் பார்த்ததும் தொலைக்காட்சித் தமிழுக்குத் தாவி விடுகிறோம். அப்பாயி பேசுகிற மாதிரியே பேசுங்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் குரல்தான் பாதிச் சாப்பாடு.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீடியோவுக்காகத் தனியாகச் சமைக்காதீர்கள். குடும்பம் அன்றைக்குச் சாப்பிடப்போவதையே படம் எடுங்கள். தொடக்கத்தில் பல மாதம் ஒரு சதமும் வராது. அந்தக் காலத்தில் இறைச்சியும் நெய்யும் வாங்கிக் கடனாகிவிட்டால் சேனல் நின்றுபோகும்.

வெளிச்சம், மழை, புகை

லயம் என்கிற தோட்ட வரிசை வீட்டின் அடுப்படிக்கு ஒரே ஒரு சின்ன ஜன்னல், அதுவும் புகை. அதனால் நறுக்குவது, பிசைவது, அரைப்பது எல்லாவற்றையும் வாசல் பக்க இஸ்தோப்பில் பகல் வெளிச்சத்தில் எடுத்துவிடுங்கள். அடுப்பில் வைக்கும் பகுதிக்கு மட்டும் ஒரு எல்இடி பல்பைப் பக்கவாட்டில் கட்டிக்கொள்ளுங்கள். சட்டிக்கு நேர் மேலே போனைப் பிடித்தால் ஆவி பட்டு லென்ஸ் மங்கும், சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள்.

படத்தைவிடச் சத்தம் முக்கியம். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தகரத்தில் மழை விழுந்தால் பேச்சு ஒன்றும் கேட்காது. அந்த மாதங்களில் சமைப்பதை மட்டும் எடுத்துவிட்டு, இரவு மழை ஓய்ந்ததும் போர்வைக்குள் போனை வைத்துக் குரலைத் தனியாகப் பதிவு செய்யலாம். எண்ணெயில் கடுகு வெடிக்கும் சத்தத்தை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள், அதைக் கேட்கவே ஆட்கள் வருகிறார்கள்.

இன்னொரு சிக்கல் பக்கத்துக் காம்பரா அறையில் ஓடும் ரேடியோ. பின்னணியில் சினிமாப் பாட்டு பதிந்துவிட்டால் யூடியூபின் தானியங்கி முறை அதைக் கண்டுபிடித்து, அந்த வீடியோவின் விளம்பரக் காசைப் பாட்டின் உரிமையாளருக்குத் திருப்பிவிடலாம். நாமாகவே பாட்டுச் சேர்ப்பதும் இதே கதைதான். இசை வேண்டுமென்றால் யூடியூப் இலவசமாகக் கொடுக்கும் ஆடியோ லைப்ரரியில் எடுங்கள். சமையல் முறை யாருக்கும் தனிச் சொத்தில்லை, மோர்க்குழம்பை யாரும் வைக்கலாம். இன்னொருவர் எடுத்த படத்தைத் தூக்கி நம் வீடியோவில் ஒட்டினால் மட்டும் பார்ட்னர் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது தள்ளுபடியாகும். யூடியூப் விண்ணப்பங்களை ஆள் வைத்தும் பார்க்கிறது.

காட்டக்கூடாதது

லயத்துச் சுவரின் வெடிப்பையும், பிள்ளைகளின் கிழிந்த சட்டையையும், ஒரு கிழவியின் கண்ணீரையும் காட்டிப் பார்வை சேர்க்கும் சேனல்கள் வந்துவிட்டன. வெளிநாட்டில் இருப்பவர்கள் இரக்கப்பட்டுக் காசு அனுப்புவார்கள் என்பது கணக்கு. இதை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். 1823-இல் தொடங்கி இருநூறு வருடத்துக்கு மேலாக இந்த மலையை உழைத்து உருவாக்கிய மக்களைப் பரிதாபப் பொருளாக விற்க யாருக்கும் உரிமையில்லை. அடுப்படி சிறியதாக இருப்பதில் வெட்கமில்லை, அதை மறைக்கவும் வேண்டாம். அங்கே நின்று ஒரு பெண் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் சமைக்கிறாள் என்பதைக் காட்டுங்கள். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நிற்பவர்களையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

பெயர், விலாசம், வங்கி

பார்ட்னர் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது, விளம்பரக் காசை அனுப்ப கூகுள் வைத்திருக்கும் ஆட்சென்ஸ் கணக்கு ஒன்று திறக்கவேண்டும். காசு அதன் வழியாகத்தான் வரும். மலையகத்தில் பலர் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்.

உங்கள் கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் கூகுள் ஒரு கடிதத்தை உங்கள் விலாசத்துக்குத் தபாலில் அனுப்பும். அதில் 6 இலக்க பின் எண் இருக்கும். அதை 4 மாதத்துக்குள் கணக்கில் பதிந்தால்தான் விலாசம் சரி என்று எடுத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் விளம்பரத்தை நிறுத்திவிடுவார்கள். நகரத்தில் இருப்பவருக்கு இது ஒரு பெரிய வேலையே இல்லை. தோட்டத்தில் எத்தனை வீட்டுக்குத் தனி விலாசம் இருக்கிறது? தோட்டத்தின் பெயர், டிவிஷன், ஊர் என்று எழுதினால் கடிதம் தோட்ட ஆபீஸுக்குப் போகும், அங்கிருந்து யார் கையிலாவது வரும், வராமலும் போகும். வங்கிக் கடிதமும் நேர்முகப் பரீட்சைக் கடிதமும் நாள் கடந்து வந்து வாய்ப்பை இழந்த பிள்ளைகள் நம் ஊரில் எத்தனை பேர். அதனால் கணக்கைத் திறக்கும்போதே யோசியுங்கள். தபால்காரர் நேரடியாக வரும் டவுன் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீடோ, தெரிந்தவர் கடையோ இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு அந்த விலாசத்தை அவர்கள் பெயர் வழியாகக் கொடுக்கலாம். அது முடியாவிட்டால் தபால் கந்தோரில் போய், இப்படி ஒரு வெளிநாட்டுக் கடிதம் வரும் என்று சொல்லி வையுங்கள். கடிதம் வர 2 வாரத்திலிருந்து 4 வாரம் வரை ஆகலாம். வராவிட்டால் மறுபடி கேட்கலாம். திரும்பத் திரும்பக் கேட்டும் வரவில்லை என்றால் அடையாள அட்டையைக் காட்டிச் சரிபார்க்கும் வழியும் இருக்கிறது.

அடுத்தது பெயர். ஆட்சென்ஸ் கணக்கில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரும் ஆங்கில எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால் என்று நம்மவர்களுக்கு அடிக்கடி நடக்கும். காசு வரும் நேரத்தில் இதைத் திருத்தப் போய் அலைவதைவிட, சேனல் வளர்ந்துகொண்டிருக்கும் மாதங்களிலேயே சரி செய்துவிடுங்கள்.

கணக்கில் 100 டொலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள். அதற்குக் குறைவாக இருந்தால் அடுத்த மாதத்துக்குப் போய்ச் சேரும். ஒரு மாத வருமானம் அடுத்த மாதம் 21-இலிருந்து 26-க்குள் அனுப்பப்படும். வெளிநாட்டுப் பணம் வர உங்கள் வங்கிக்கு இருக்கும் சுவிஃப்ட் எண்ணைக் கொடுத்தால் நேரே கணக்குக்கு வரும், வங்கிகள் தங்கள் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளலாம். டொலர் சுமார் 300 ரூபாய் என்று வைத்தால் 100 டொலர் 30,000 ரூபாய். 2024-இல் நிர்ணயித்த அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய் என்ற கணக்கில் பார்த்தால் 22 நாள் மலையேறிக் கொழுந்து எடுக்கும் காசு. சின்னத் தொகையென்று சொல்லமாட்டேன். ஆனால் 1,000 பார்வைக்கு 1 டொலர் கிடைக்கிறது என்று எடுத்துக்கொண்டால், இதற்கு ஒரு லட்சம் பார்வை வேண்டும். தொடங்கிய மாதமே வேலையை விடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம்.

ஆட்சென்ஸ் உங்களிடம் ஓர் அமெரிக்க வரிப் படிவமும் கேட்கும். நமக்கென்ன அமெரிக்கா என்று விட்டுவிடாதீர்கள். படிவம் கொடுக்காவிட்டால் மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடித்துக்கொள்ளலாம். கொடுத்தால், அமெரிக்காவில் இருந்து பார்ப்பவர்கள் மூலம் வந்த பகுதிக்கு மட்டும்தான் வரி. இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் வரி உடன்படிக்கை இருப்பதால் அந்தப் பகுதியிலும் குறைவாகவே பிடிப்பார்கள். அந்தச் சலுகையைக் கேட்க, நம் உள்நாட்டு இறைவரித் திணைக்களம் கொடுக்கும் வரி இலக்கம் கையில் இருப்பது நல்லது.

உள்நாட்டு வரி இப்போதைக்கு உங்களைத் தொடாது. 2025 ஏப்ரல் தொடக்கம், ஒருவரின் எல்லா வருமானமும் சேர்த்து வருடத்துக்கு 18 லட்சம் ரூபாய் வரை வரியில்லை. அதைத் தாண்டினால், வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வரும் சேவை வருமானத்துக்கு உச்சமாக 15 சதவீதம். மாதா மாதம் வந்த தொகையை ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

விளம்பரம் தவிர

சேனல் சிறியதாக இருக்கும்போதே வேறு வழியில் கொஞ்சம் காசு பார்க்கலாம். டவுனில் பாத்திரக் கடை வைத்திருப்பவர் தன் சட்டியை வீடியோவில் காட்டச் சொல்லிக் காசு தரலாம். வாங்கலாம், ஆனால் பணம் வாங்கியது என்று யூடியூபில் குறிப்பிட ஒரு கட்டம் இருக்கிறது, அதை அடையாளமிட வேண்டும். நீங்கள் சமைத்துப் பார்க்காத தூளைப் புகழாதீர்கள். சிலர் ஊறுகாய், மாசிச் சம்பல், கறித்தூள் செய்து பார்சலில் அனுப்புகிறார்கள். விளம்பரக் காசைவிட இதில் வருமானம் நிலையாக இருக்க வாய்ப்புண்டு. விற்கத் தொடங்கும் முன் உங்கள் பிரிவுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பார்த்து, பதிவுக்கும் லேபிளுக்கும் என்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"1,000 சப்ஸ்கிரைபர், 4,000 மணி நேரம் வாங்கித் தருகிறோம்" என்று வட்ஸ்அப்பில் வருபவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். போலிப் பார்வைகளை யூடியூப் கண்டுபிடித்து அழித்துவிடும், சேனலையே மூடவும் செய்யும். பெரிய கம்பனி பெயரில் "உங்களோடு வேலை செய்ய ஆசை, இந்த பைலைத் திறந்து பாருங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால் திறக்காதீர்கள். பல சேனல்களைத் திருடுவது அப்படித்தான்.

யாருடைய கணக்கு

பெரும்பாலான வீடுகளில் சமைப்பது அம்மா, படம் எடுத்து ஏற்றுவது மகன் அல்லது மகள். சேனல் தொடங்குவது மகனின் மின்னஞ்சலில், வங்கிக் கணக்கும் அவன் பெயரில். மகன் கொழும்புக்கு வேலைக்குப் போகிறான், அல்லது போன் தொலைந்துபோகிறது, சேனலும் போய்விடுகிறது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய், கொழுந்தெடுத்து, சாயங்காலம் வந்து அடுப்பு மூட்டிச் சமைத்தவர் கைக்கு ஒன்றும் வருவதில்லை. 18 வயது நிறையாத பிள்ளையின் பெயரில் ஆட்சென்ஸ் எடுக்கவும் முடியாது.

சமைப்பவர் பெயரில் ஒரு புது மின்னஞ்சல் திறவுங்கள். அவருடைய போன் நம்பரையே மீட்பு நம்பராகக் கொடுங்கள், இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள். பார்ட்னர் திட்டத்துக்கு அது எப்படியும் கட்டாயம். ஆட்சென்ஸும் வங்கியும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். பிறகு யூடியூப் ஸ்டூடியோவில் அனுமதிகள் என்ற பகுதிக்குப் போய், மகனின் மின்னஞ்சலை எடிட்டராகச் சேர்த்தால், அவன் தன் போனிலிருந்தே வீடியோ ஏற்றலாம், தலைப்பு எழுதலாம், கருத்துகளுக்குப் பதில் போடலாம். பாஸ்வேர்டை அவனிடம் கொடுக்கவேண்டிய தேவையே இல்லை. ஏற்கெனவே பிள்ளையின் மின்னஞ்சலில் ஓடும் சேனல் என்றால், விண்ணப்பம் போடுவதற்கு முன்பே உட்கார்ந்து பேசி, உரிமையை அம்மாவின் மின்னஞ்சலுக்கு மாற்றிவிடுங்கள். காசு வரத் தொடங்கிய பிறகு இந்தப் பேச்சு இன்னும் கடினமாகும்.